நியூரம்பெர்க்: மணல் மேட்டு நகரமும் அதன் சமையலும்

"டிசம்பரில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இரண்டு நாள் தங்குகிறோம். பழைய நகரத்தில் எதைப் பார்ப்பது, ஊருக்கே உரிய சாப்பாடு எது, சுட்டெடுக்கும் மசாலா இனிப்பான லெப்கூகனை வீட்டில் செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த ஊரில் கோட்டையையும் சாசேஜையும் தனித்தனியாகப் பிரித்தால் இரண்டுமே புரியாது.

1219-ல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் நியூரம்பெர்க்குக்கு ஒரு சலுகைப் பட்டயம் கொடுத்தார். ஏன் கொடுக்கிறார் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டார்: இந்த ஊருக்குத் திராட்சைத் தோட்டம் கிடையாது, படகுப் போக்குவரத்து கிடையாது, மண்ணும் கரடு. நேரில் பார்த்தால் அது மிகையில்லை என்று தெரியும். ஊரை இரண்டாகப் பிரித்து ஓடும் பெக்னிட்ஸ் ஆற்றில் சரக்குப் படகு போகாது. சுற்றிலும் மணலும் பைன் காடும்தான். விளைச்சலை நம்ப முடியாத ஊர் கைத்தொழிலையும் வண்டிப் பாதை வணிகத்தையும் நம்பியது. வெளியூரில் போய் விற்கிறவனுக்குச் சரக்கின் மேல் உள்ள பெயர்தான் முதல். 1348-49-ல் கைவினைஞர்கள் கிளர்ச்சி செய்து தோற்ற பிறகு, நகர மன்றம் 'கில்டு' எனப்படும் கைவினைஞர் சங்கங்களையே தடை செய்து ஒவ்வொரு தொழிலையும் நேரடியாகத் தன் கண்காணிப்பில் வைத்துக்கொண்டது. அளவு, எடை, தரம், விலை எல்லாவற்றுக்கும் அதிகாரி உண்டு. எந்த அளவுக்குக் கறார் என்றால், 1444-ல் குங்குமப்பூவில் கலப்படம் செய்த ஒரு வணிகரை அந்தச் சரக்கோடு சேர்த்தே எரித்தார்கள். சாசேஜுக்கு நீளமும் லெப்கூகனுக்குப் பருப்பு விகிதமும் இன்றைக்கும் சட்டத்தில் எழுதியிருக்கிறதே, அந்தப் புத்திக்கு வேர் இங்கேதான்.

நடையைக் கோட்டையில் தொடங்குங்கள். காலில் தெம்பு இருக்கும்போது மேலே ஏறிவிட்டால் பிறகு எல்லாம் இறக்கம். ஊரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவது 1050-ல், மூன்றாம் ஹென்றி ஓர் அடிமைப் பெண்ணுக்கு விடுதலை அளித்த ஆவணத்தில். கோட்டையில் தவறவிடக் கூடாதவை மூன்று: மேலும் கீழுமாக அடுக்கிய இரட்டைச் சிற்றாலயம், ஊர் முழுவதும் தெரியும் வட்டக் கோபுரமான சின்வெல், மணற்பாறையைச் சுமார் 50 மீட்டர் குடைந்த ஆழ்கிணறு. கிணற்றைத் தனியாகப் போய்ப் பார்க்க முடியாது, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அடுத்த முறை எப்போது என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் மணிமுடி நகல். அசல் பேரரசுச் சின்னங்கள் 1424 முதல் 1796 வரை இந்த ஊரில்தான் இருந்தன. பிரெஞ்சுப் படை நெருங்கியதும் பாதுகாப்புக்காக வெளியே கொண்டு போனார்கள். இப்போது அவை வியன்னாவில் இருக்கின்றன.

கோட்டைக்கு நேர் கீழே டூரர் வீடு. ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1509 முதல் 1528-ல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு, போரில் அடிபட்டும் முழுவதுமாக அழியாமல் தப்பியது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் பார்க்கும் "பழைய" நகரத்தின் பெரும்பகுதி 1945-க்குப் பிறகு கட்டியது. 1945 ஜனவரி 2-ஆம் தேதி இரவுக் குண்டுவீச்சில் நகர மதிலுக்குள் இருந்ததில் ஏறக்குறைய எல்லாமே நொறுங்கிவிட்டது. தெருக்களின் அமைப்பையும் கூரைச் சரிவையும் மட்டும் பழையபடி வைத்து மீண்டும் எழுப்பினார்கள். அசல் மரச்சட்ட வீடுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் டூரர் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள வைஸ்கெர்பர்காஸே தெருவுக்குப் போங்கள். தோல் பதனிடுபவர்கள் வாழ்ந்த தெரு அது. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள 'கைவினைஞர் முற்றம்' பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 1971-ல் போட்ட அமைப்பு. அங்கே அரை மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

கோட்டைக் குன்றுக்கு அடியில் இன்னொரு ஊர் இருக்கிறது. 1380-ல் நகர மன்றம் ஓர் ஆணை போட்டது: பீர் காய்ச்சி விற்க விரும்புகிறவன் பத்தடி ஆழமும் பதினாறடி அகலமுமான சொந்தப் பாதாள அறை வைத்திருக்க வேண்டும். மணற்பாறை வெட்டுவதற்கு எளிது, வெட்டிய பின் இடிந்து விழாது. ஆண்டு முழுவதும் உள்ளே பத்து டிகிரியை ஒட்டிய குளிர் இருக்கும். அடியில் நொதிக்கும் சிவப்பு பீருக்கு வேண்டியது அந்தக் குளிர்தான். நாளாக நாளாக அறைகள் ஒன்றோடொன்று இணைந்து, சில இடங்களில் நான்கு அடுக்கு வரை இறங்கிவிட்டன. போர்க்காலத்தில் மக்கள் உயிர் தப்பியது இந்தச் சுரங்கங்களில்தான். பக்கத்திலேயே இன்னொரு பாறை அறையில் ஊரின் கலைச்செல்வங்களைப் பதுக்கி வைத்திருந்தார்கள். லோரென்ஸ் தேவாலயத்தில் அந்தரத்தில் தொங்கும், சிற்பி ஃபைட் ஷ்டோஸின் மரச்சிற்பம் இன்றைக்கும் இருப்பது அதனால்தான். சுரங்கத்துக்கும் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. டிசம்பரில் முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காது. கோடையில் போகிறவர்கள் டி-ஷர்ட்டோடு இறங்கிவிட்டுப் பாதியில் நடுங்குவது வாடிக்கை. கம்பளிச் சட்டை வேண்டும்.

பிறகு கடைவீதிச் சதுக்கமான ஹவுப்ட்மார்க்ட். சுமார் 19 மீட்டர் உயரத்தில் பொன் பூச்சோடு நிற்கும் 'அழகிய நீரூற்று' நகல். 14-ஆம் நூற்றாண்டு அசலின் மிஞ்சிய துண்டுகள் ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அதே சதுக்கத்தில் இருக்கும் ஃப்ரவென்கிர்ஷே தேவாலயத்தின் முகப்பில் நண்பகல் 12 மணிக்கு ஒரு கடிகாரக் காட்சி உண்டு: பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொண்ட ஏழு தேர்வாளர் பிரபுக்கள் பேரரசர் நான்காம் சார்லஸைச் சுற்றி வணங்கிப் போவார்கள். அந்தத் தேர்தல் முறையை வகுத்து 1356-ல் அவர் வெளியிட்ட 'பொன் முத்திரை ஆணை'யின் நினைவாக 1509-ல் வைத்தது. புதிதாகத் தேர்வாகும் அரசர் தம் முதல் பேரவையை இந்த ஊரில்தான் கூட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் உண்டு. எல்லோரும் கடிகாரத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தச் சதுக்கம் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே இருந்தது யூதர் குடியிருப்பு. அதை இடிக்க 1349-ல் அதே நான்காம் சார்லஸ் அனுமதி கொடுத்தார். டிசம்பரில் 560-க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஃப்ரவென்கிர்ஷே நிற்பது அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்த இடத்தில்.

இருபதாம் நூற்றாண்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1933 முதல் 1938 வரை நாஜிக் கட்சி மாநாடுகள் இங்கே நடந்தன. 1935-ல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் இங்கேதான் அறிவிக்கப்பட்டன. தென்கிழக்கே, ரோமின் கொலோசியத்தைப் பார்த்துக் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன மாநாட்டு மண்டபம் இன்னும் நிற்கிறது. அதைவிட நேரடியாகத் தாக்குவது நீதிமன்றத்தின் 600-ஆம் எண் அறை. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை முக்கியப் போர்க் குற்றவாளிகளை விசாரித்த இடம். 12 பேருக்கு மரண தண்டனை, மூவருக்கு விடுதலை. ஏன் இந்த ஊர் என்றால், நாஜிகளின் கொண்டாட்ட ஊர் என்பதோடு நடைமுறைக் காரணமும் உண்டு: பெரிய நீதிமன்றமும் அதை ஒட்டிய சிறையும் குண்டுவீச்சில் தப்பி நின்றன. யு1 மெட்ரோவில் பேரன்ஷான்ஸே நிறுத்தத்தில் இறங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இனிச் சாப்பாடு. நியூரம்பெர்க் ரோஸ்ட்பிராட்வுர்ஸ்ட் விரல் பருமன் சாசேஜ். 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளம், 20 முதல் 25 கிராம் எடை, செம்மறி ஆட்டுக் குடல் உறை, உள்ளே கொரகொரப்பாக அரைத்த பன்றி இறைச்சி. நகர எல்லைக்குள் செய்தால்தான் அந்தப் பெயர். 2003 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு இருக்கிறது. மணம் தருவது மார்ஜோரம், நம் ஊர்க் கதம்பத்தில் கட்டுகிற மரு. ஏன் இத்தனை சிறியது என்பதற்கு, ஊர் வாசல் மூடிய பிறகு சாவித்துவாரம் வழியாக விற்றார்கள், சிறையில் இருந்தவனுக்கு நீட்டினார்கள் என்று கதைகள் ஓடும். நம்ப வேண்டாம். இறைச்சி விலை ஏறியபோது தரத்தைக் குறைக்க மன்றம் விடாது, விலையை ஏற்றினால் வாங்க ஆள் இல்லை. எனவே அளவு சுருங்கியது என்பதே பொருத்தமான விளக்கம்.

உணவகத்தில் எண்ணிக்கை சொல்லித்தான் கேட்க வேண்டும்: ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. பீச் (beech) மரத் தணலில் சுட்டு வெள்ளீயத் தட்டில் வரும். கூடவே புளித்த முட்டைக்கோஸ் அல்லது உருளைக்கிழங்கு சாலட், துருவிய கிரென் என்னும் காரக் கிழங்கு. அந்தக் கிழங்கின் காரம் நாக்கில் தெரியாது, மூக்கில் ஏறும், கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். நின்றபடி சாப்பிட "ட்ரை இம் வெக்லா": பன்னுக்குள் மூன்று. தட்டில் வரும்போது உறை சில இடங்களில் கருகி, கடித்தால் படக்கென்று வெடிக்க வேண்டும். வெளிறிப்போய் மென்மையாக இருந்தால் தணல் இல்லை, தகட்டில் வாட்டியது.

அதே சாசேஜை வினிகரில் வேகவைத்தால் 'ப்ளவே ட்சிப்ஃபெல்'. வீட்டில் செய்ய இதுதான் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் கால் லிட்டர் வினிகர், வளையமாக நறுக்கிய பெரிய வெங்காயம் மூன்று, பிரிஞ்சி இலை, மிளகு, இரண்டு கிராம்பு, உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். தீயைக் குறைத்துக் கொதி அடங்கிய பிறகே சாசேஜைப் போட்டு, ஆவி மட்டும் எழும் சூட்டில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் உறை கிழிந்து கொழுப்பெல்லாம் நீரில் மிதக்கும். பச்சை சாசேஜ் வேண்டும். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைத்தது. அதில் புளிப்பு இறங்காது.

ஞாயிறு மதியத்துக்கு ஷொய்ஃபலே: தட்டை எலும்போடும் தோலோடும் வறுத்த பன்றித் தோள். தோலைக் கட்டம் கட்டமாகக் கீற வேண்டும், கத்தி கொழுப்போடு நிற்க வேண்டும், இறைச்சிக்குள் இறங்கினால் சாறு வடிந்துவிடும். உப்பு, மிளகு, சீமைச் சோம்பு தடவி, வெங்காயம், கேரட் மேல் வைத்து மிதமான அடுப்பில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். கடைசிப் பத்து நிமிடம் மேல் சூட்டைக் கூட்டினால் தோல் அப்பளம்போல் பொரியும். நடுவில் யாராவது ஆசையாகக் குழம்பைத் தோல்மேல் ஊற்றிவிட்டால் போச்சு, தோல் செருப்பாகிவிடும். குழம்பு எப்போதும் அடியில்தான். கூட வருவது க்ளோஸ் என்னும் உருளைக்கிழங்கு உருண்டை. பச்சையாகத் துருவிப் பிழிந்த கிழங்கும் வெந்த கிழங்கும் கலந்து, நடுவில் நெய்யில் பொரித்த ரொட்டித் துண்டு வைத்து உருட்டுவார்கள். பிழிந்த நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் மாவுச்சத்தை மட்டும் எடுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதை விட்டால் உருண்டை நீரில் கரைந்துபோகும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அருகிலுள்ள ஐஷ்க்ருண்ட் குளங்களின் கெண்டை மீன் கிடைக்கும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தலையும் வாலும் விடாமல் மாவில் புரட்டி முழுக்கப் பொரித்தது. துடுப்பை மென்று தின்பார்கள், அதுதான் மொறுமொறுப்பு. முதுகுப் பக்கம் இரு கிளையாகப் பிரியும் நுண்முள் உண்டு, குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம். விலை பல இடங்களில் எடைக் கணக்கில். ஆர்டர் செய்யும்போதே கேளுங்கள்.

சைவக்காரர்கள் ஏமாறும் இடங்கள் மூன்று. புளித்த முட்டைக்கோஸில் பன்றிக் கொழுப்பு இருப்பது சகஜம். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். 'க்ளோஸ் மட்டும் போதும்' என்று கேட்டாலும் மேலே ஊற்றுவது இறைச்சிக் குழம்பு. காளான் குழம்போடு க்ளோஸ் கேளுங்கள். வடக்கே க்னோப்லவ்க்ஸ்லாண்ட் தோட்டங்களின் காய்கறியும் நன்றாக இருக்கும்.

இப்போது லெப்கூகன். மணல் ஊருக்கு இது எப்படி வந்தது? ஊரைச் சுற்றிய பேரரசுக் காட்டில் மரப்பொந்துத் தேன் எடுக்கிறவர்களுக்கு 1350-ல் நான்காம் சார்லஸ் தனி உரிமை கொடுத்திருந்தார். இனிப்பு அங்கிருந்து கிடைத்தது. மசாலா வெனிஸ் வழியாக வண்டியில் வந்தது. வாஸ்கோ ட காமாவுக்குப் பிறகு லிஸ்பனுக்கு வழி மாறியதும் ஊர் வணிகர்களும் மாறினார்கள்: 1505-ல் இந்தியாவுக்குக் கிளம்பிய போர்த்துகீசியக் கப்பல் தொகுதியில் ஆக்ஸ்பர்க்கின் ஃபுக்கர், வெல்சர் குடும்பங்களோடு நியூரம்பெர்க்கின் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் முதல் போட்டன. போன இடம் மலபார், வந்த சரக்கு மிளகு. ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மார்ட்டின் பெஹைமின் உருண்டையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மிஞ்சியிருக்கும் பூகோள உருண்டைகளில் மிகப் பழையது, இங்கேயே செய்தது. கொலம்பஸ் செய்தி வருவதற்கு முந்தையது என்பதால் அமெரிக்கா அதில் இல்லை. மசாலா நாடுகள் நிறைய எழுத்தோடு இருக்கின்றன.

லெப்கூகன் சுடுகிறவர் என்று ஆவணத்தில் ஒருவர் வருவது 1395-ல். அது தனித் தொழிலாக அங்கீகாரம் பெற்றது 1643-ல்தான். 1996 முதல் புவிசார் குறியீடு. பெட்டியில் 'எலிஸன்லெப்கூகன்' என்று இருந்தால் பாதாம், ஹேசல்நட், வால்நட் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. அழகான தகரப் பெட்டிக்கு விலை கொடுத்துவிட்டு உள்ளே மாவு ரொட்டியோடு வருகிறவர்கள் ஏராளம். பின்பக்கத்தில் பருப்பு சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் சுமார் இருபது செய்ய: முட்டை 4, சர்க்கரை 200 கிராம், பொடித்த பாதாம் 200 கிராம், பொடித்த ஹேசல்நட் 200 கிராம், சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும் தலா 75 கிராம், மசாலாப் பொடி 12 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. மாவே கிடையாது. மசாலாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பட்டை, ஆறில் ஒரு பங்கு கிராம்பு. மீதியில் ஏலம், சுக்கு, மல்லி, ஜாதிக்காய், ஜாதிபத்திரி. பட்டை இலங்கைக் கறுவாவாக இருக்கட்டும். தடித்த காசியா பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது.

முட்டையையும் சர்க்கரையையும் சர்க்கரை கரையும்வரை அடித்தால் போதும். கேக்குக்குப் போல் நுரைக்க அடித்தால் அடுப்பில் எழும்பி, வெளியே வந்ததும் நடுவில் குழியும். பருப்பு ரவைப் பதத்தில் இருக்கட்டும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். எல்லாவற்றையும் கலந்து ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பருப்பு ஈரத்தை இழுத்துக் கலவை இறுகும். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் தட்டில் வழிந்து ஓடுகிறது. 7 சென்டிமீட்டர் அகலமுள்ள, ஓப்லாட்டன் என்னும் மெல்லிய மாவு அப்பளத்தின் மேல், நடுவில் மேடாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் நனைந்த கத்தியால் பரப்புங்கள். மாவில்லாத பிசுபிசுப்பு தட்டில் ஒட்டாமல் இருக்கத்தான் அந்த அப்பளம். கிடைக்காவிட்டால் பேக்கிங் தாள், ஆனால் அடிப்பக்கம் சீக்கிரம் காயும். மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணி நேரம் உலர விட்டு, 150 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். எடுக்கும்போது நடு மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போது சரியாகும். வேகவில்லை என்று இன்னும் பத்து நிமிடம் வைத்தால் கல். 150 கிராம் ஐசிங் சர்க்கரையில் மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் கலந்து, சூடாக இருக்கும்போதே தடவுங்கள். தகர டப்பாவில் ஓர் ஆப்பிள் துண்டோடு மூடி வைத்தால் இரண்டு வாரத்தில் மணம் கூடும். ஆப்பிளை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

டிசம்பர்ச் சந்தையான கிறிஸ்ட்கிண்ட்லெஸ்மார்க்ட் ஹவுப்ட்மார்க்டில், முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வெள்ளி முதல் 24 வரை. கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று 1628-ஆம் ஆண்டினது. சனி, ஞாயிறு மாலையில் நகரவே முடியாது. வார நாளில் காலை பத்தரைக்குப் போனால் உலர்ந்த பிளம் பழத்தில் செய்த சிறு மனித பொம்மைகளை நிதானமாகப் பார்த்து வாங்கலாம். மசாலா ஒயின் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், குவளையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். 24-ஆம் தேதி மதியத்தோடு சந்தையும் கடைகளும் மூடிவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. உங்கள் இரண்டு நாளில் ஒன்று அந்தத் தேதிகளில் விழுந்தால், வாங்க வேண்டியதை முதல் நாளே வாங்கிவிட்டு, அந்த இரு தேதிகளுக்கு உணவகத்தில் மேசையையும் முன்பே சொல்லி வையுங்கள்.